பொற்கிண்ணமும் சாமைச்சோறும்

பாப்பாவுக்கு இரண்டு வயது முடிந்த வாரம் பால்வாடியில் எடை போட்டார்கள். 8.8 கிலோ. டீச்சர் அட்டையில் புள்ளி வைத்தார். அது பச்சைப் பட்டையைத் தாண்டிக் கீழே மஞ்சளில் விழுந்தது. இந்த வயதுப் பெண் குழந்தைக்கு நடுமதிப்பு 11.5 கிலோ. 9 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறியிருந்தால் பச்சைக்குப் போயிருப்பாள். ஆனாலும் மஞ்சள் மஞ்சள்தானே.

"என்னங்க டீச்சர், ஊருக்கே சொல்ற நீங்களே இப்டி வுட்டுட்டீங்க?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

ஆரணிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி ஜவ்வாது மலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன மாதம்தான் பக்கத்து வகுப்புக்குப் பதிலியாகப் போய், சரிவிகித உணவு என்று கரும்பலகையில் தட்டு வரைந்து நான்காகப் பிரித்துக் காட்டியிருந்தேன். வீட்டில் என் பெண்ணின் தட்டில் இரண்டே பாகம். தயிர்சோறு நாலு வாய், பிஸ்கட். மூன்றாவதாக எதைக் கொண்டு போனாலும் உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொண்டு தலையைத் திருப்பிவிடுவாள். கேரட்டை மசித்துச் சோற்றுக்குள் ஒளித்து வைத்தால், சோற்றை முழுங்கிவிட்டுக் கேரட்டை மட்டும் நாக்கு நுனியில் கொண்டுவந்து துப்பும் வித்தை எப்படித்தான் வந்ததோ. காக்கா, நிலா, பூச்சாண்டி, கைபேசி எல்லாம் ஆகிவிட்டது. மாமியார் போனில், "எம்புள்ள அந்த வயசுல ரெண்டு இட்லி முழுசா துன்னும்" என்கிறார். அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பத்தைந்து வயது. இன்றைக்கும் கத்திரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கும்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல், வரலாறு படித்தவர்கள் செய்கிற உதவாக்கரைக் காரியத்தைச் செய்தேன். சாப்பிட மறுக்கும் குழந்தைக்கு ஒரு வரலாறு இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

*

நமக்குத் தெரிந்து தமிழில் முதலில் சாப்பிட மறுத்த குழந்தை நற்றிணையில் இருக்கிறாள். 110ஆம் பாட்டு, போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஊற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் அடித்தாலும் வலிக்காத பூப்போன்ற நுனியுள்ள சிறு கோலை ஓங்கியபடி, நரைத்த செவிலித்தாய்மார் துரத்துகிறார்கள். அவள் முத்துப் பரல் போட்ட பொற்சிலம்பு ஒலிக்கப் பந்தலைச் சுற்றி ஓடுகிறாள். அவர்கள் களைத்து நின்றுவிடுகிறார்கள். இரண்டாயிரம் வருடத்தில் நம் முறை பெரிதாக மாறவில்லை. கோலுக்குப் பதில் கைபேசி, அவ்வளவுதான்.

ஆனால் பாட்டு அதோடு முடிவதில்லை. அந்தப் பெண் வளர்ந்து, மணமாகி, வறுமைப்பட்ட கணவன் வீட்டில் இருக்கிறாள். அப்பா வீட்டுச் சோற்றை நினைப்பதுகூட இல்லை. ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவெல்லாம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தாய் வியக்கிறாள். இந்தப் பாட்டைக் கல்லூரியில் படித்தபோது கற்பைப் பற்றியது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது படித்தால் பசியைப் பற்றியதாகத் தெரிகிறது. கிண்ணம் நிறைந்திருந்த வீட்டில் மறுத்தவள், கிண்ணம் காலியான வீட்டில் மறுக்கவில்லை. மறுப்பதற்கு முதலில் ஒரு கிண்ணம் வேண்டும், துரத்திக்கொண்டு வர ஒரு ஆளும் வேண்டும்.

புறநானூற்றில் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி காட்டும் குழந்தை வேறு மாதிரி. நெய்ச்சோற்றில் கையை விட்டு, பிசைந்து, வாயில் கொஞ்சம், உடம்பில் மிச்சம் என்று பூசிக்கொள்வது. இன்றைக்குக் குழந்தை மருத்துவர்கள் 'தானே எடுத்துச் சாப்பிட விடுங்க, சிந்தினாலும் பரவால்ல' என்று சொல்வதை அரசன் எப்போதோ பார்த்து ரசித்துவிட்டான். தரையைத் துடைக்கிற வேலை அவனுக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் இருக்கும் இந்தப் பகுதிக்கே ஒரு பழைய பாட்டு இருக்கிறது. மலைபடுகடாம். செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னனிடம் பரிசு பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. செங்கண்மா இன்றைய செங்கம். அதில் வரும் நவிர மலையைப் பர்வத மலை என்கிறார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கினால் அந்தப் பக்கம்தான். வழியில் எந்தெந்த ஊரில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் விரிவாகச் சொல்கிறார். நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறு, மூங்கிலரிசியும் மேட்டு நில நெல்லும் அவரையும் சேர்த்த புளிங்கூழ் என்று போகிறது. தானியம், பருப்பு, இறைச்சி, நெய் எல்லாம் வந்துவிட்டது என்று என் தட்டுப் படத்தோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. இது புரவலனின் நாட்டைப் புகழ்ந்த பாட்டு, வீடுவீடாகப் போய் எடுத்த கணக்கு இல்லை. விருந்தாளிக்குப் போட்டதை வைத்து வீட்டுப் பிள்ளை என்ன தின்றது என்று சொல்ல முடியாது.

*

பிள்ளை என்ன தின்றது என்று எழுதிவைக்கும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்தில்தான் வந்தது. அதுவும் எலியிடமிருந்து தொடங்கியது.

1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்கேரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஒரு சிறிய ஆய்வைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1920களில் மெக்கேரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு எடை பார்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலி கொழுகொழுவென்று முதலிடம். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய். மதராசிச் சாப்பாடு தின்ற எலி கடைசி. தீட்டிய அரிசி, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், புளி, மிளகாய். அந்தப் படத்தைப் பார்த்தபோது மதராசி எலி மேல் ஒரு ஊர்ப்பாசம் வந்தது.

இதில் அக்காலத்து 'வீர இனம்' என்ற பட்டாளத்து நினைப்பும் கலந்திருந்தது. எந்தச் சாதி சிப்பாயாக ஆகும் என்று பிரித்துவைத்த அரசுக்கு, எலியும் அதே வரிசையில் நின்றது வசதியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அடிப்படைக் கண்டுபிடிப்பு தப்பில்லை. தவிட்டை நீக்கிய அரிசியையே மலையாகக் குவித்து, மற்றதைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்தால் உடம்பு வளராது. நூறு வருடம் கழித்தும் என் பெண் அதைத்தான் கேட்கிறாள்.

மெக்கேரிசனுக்கு அடுத்து வந்த அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்ததுதான் சி. கோபாலனும் மற்றவர்களும் 1971இல் கொண்டுவந்த பட்டியல். நம் பாடப்புத்தகம், வாராந்தரி சமையல் குறிப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். அதில் சாமையைத் தேடினேன். நூறு கிராமுக்கு இரும்புச்சத்து 9 மில்லிகிராமுக்கு மேல் என்று இருக்கிறது. 2017இல் அதே ஹைதராபாத் நிறுவனம் புதிதாகச் சோதித்து வெளியிட்ட பட்டியலில் அது ஏறக்குறைய ஒன்றேகால்தான். சாமைப் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் இன்னும் பழைய எண்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. சாமை கெட்ட தானியம் என்று சொல்ல வரவில்லை. நார்ச்சத்தும் புரதமும் தீட்டிய அரிசியைவிட மேல்தான். ஆனால் அதை மட்டும் ஊட்டிவிட்டால் ரத்தசோகை போய்விடும் என்று நம்பி, நான் ஒரு வாரம் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊட்டினேன். அந்த ஒரு வாரத்தில் அவள் வெறுத்த பட்டியலில் சாமையும் சேர்ந்ததுதான் மிச்சம்.

அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1980களிலிருந்து செய்த ஆய்வுகளை அப்புறம்தான் படித்தேன். புது உணவை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவை அது கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டும். வற்புறுத்தினால் வெறுப்புதான் வளரும். தவிர, முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆகும் குழந்தை, இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். பசி குறைவது இயற்கை. இதையெல்லாம் யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

*

மலையில் பக்கத்து வீட்டில் ஒரு ஆயா இருக்கிறார். மலையாளி சமூகம். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கேட்டால் "யாரு எழுதி வெச்சா" என்பார். அவர் பேரனுக்கு என் பெண்ணைவிட ஐந்து மாதம் கூட. சாமை எப்படி ஊட்டுவது என்று அவரிடம் கேட்கப் போனேன். அவர் பேரன் திண்ணையில் உட்கார்ந்து ஐந்து ரூபாய் பாக்கெட்டைப் பிரித்துக் கரக்முரக்கென்று தின்றுகொண்டிருந்தான்.

"இவன் சாமய மோந்துகூடப் பாக்க மாட்டான் டீச்சரு. ரேசன் அரிசி, வெள்ளச் சோறு. இல்லாங்காட்டி இந்தக் கருமம்."

உங்க காலத்துல புள்ளைங்க எப்படிச் சாப்பிட்டுச்சு என்று கேட்டேன். சாமைக்கஞ்சி, சாமைச்சோறு, கொள்ளு, மொச்சை, துவரை, காட்டில் கிடைத்த கீரை, கிழங்கு, பலாப்பழக் காலத்தில் பலாப்பழம், எப்போதாவது தேன், எப்போதாவது கறி. வேண்டாம் என்று சொல்கிற பிள்ளைகள் இருந்ததா?

"வேணான்னு கீழ வெச்சா இன்னொன்னு எடுத்துத் துன்னுபுடும். அப்புறம் எங்க வேணாங்கறது?"

போதனாரின் பாட்டுக்கு இதைவிட நல்ல உரை நான் படித்ததில்லை. சிரித்துக்கொண்டே சொன்ன ஆயா, கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்காமல் ஒன்று சொன்னார். "எட்டு பெத்தேன். அஞ்சுதான் நின்னுச்சு. ஒண்ணு சவலை பாஞ்சி பூடுச்சு."

சவலை. இந்தச் சொல்லை நான் திட்டாகத்தான் கேட்டிருக்கிறேன். தாய் மறுபடி கருவுற்றதால் பால் மறந்து மெலிந்துபோகும் பிள்ளை என்பது அதன் பொருள். யாப்பில்கூடச் சவலை வெண்பா என்று ஒன்று உண்டு. நான்கு சீர் வரவேண்டிய இரண்டாம் அடியில் மூன்றே சீர் வருவது. பெயர் வைத்தவர் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இரண்டாம் வருடத்தில் ஒன்று குறைந்துபோன பிள்ளை.

1930களில் இதே சொல்லை மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு மொழியில் கண்டுபிடித்தார்கள். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், அன்றைய கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், வேலை பார்த்தார். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து சாகும் குழந்தைகளைப் பார்த்து 1933இல் எழுதினார். பிற மருத்துவர்கள் அதை வேறு நோய் என்று வாதிட்டார்கள். அங்குள்ள பெண்களிடம் கேட்டபோது அவர்களிடம் ஏற்கெனவே பெயர் இருந்தது. குவாஷியோர்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். 1935இல் அதே பெயரில் லான்செட் இதழில் எழுதினார். உலக மருத்துவம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. நம் பாட்டிமார் சவலை என்று சொன்னபோது எழுதிக்கொள்ள யாரும் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் இன்று மருத்துவப் புத்தகத்தில் ஒரு தமிழ்ச்சொல் இருந்திருக்கும். இதற்குப் பெருமைப்பட என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

அப்புறம் வந்தது புரதப் பைத்தியம். இந்தக் குழந்தைகளுக்குக் குறைவது புரதம்தான் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மீன்மாவு, பால்மாவு என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடின. குன்னூரிலும் ஹைதராபாத்திலும் கோபாலன் குழு வேறு ஒன்றைப் பார்த்தது. வீங்கும் குழந்தையும் வற்றும் குழந்தையும் வீட்டில் ஒரே மாதிரிச் சாப்பாடுதான் சாப்பிட்டிருந்தன. தானியமும் பருப்பும் கலந்த வீட்டுச் சாப்பாட்டில் புரதம் அவ்வளவு மோசமில்லை. மொத்தச் சாப்பாடே போதவில்லை. 1974இல் டொனால்ட் மெக்லாரன் லான்செட்டிலேயே 'மாபெரும் புரதத் தோல்வி' என்று தலைப்புக் கொடுத்து எழுதினார். கடையில் இன்றும் குழந்தைப் புரத டப்பா விற்கிறது. நானும் ஒன்று வாங்கினேன். சாக்லேட் வாசனை. அதையும் துப்பினாள்.

*

தமிழ்நாட்டின் சோற்று வரலாறு நமக்குப் பெருமையாகச் சொல்லத் தெரியும். 1920இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளி, 1956இல் காமராஜர், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர்., 1989இல் கலைஞர் காலத்து முட்டை, 2022இல் காலை உணவு. இந்த வரிசையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒன்றைக் கவனித்ததில்லை. பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான் தொடக்கம். தானே நடந்து வந்து, தட்டை நீட்டி, தானே சாப்பிடத் தெரிந்த பிள்ளை. சவலை பாயும் வயது அதற்கெல்லாம் முன்பே முடிந்துவிடுகிறது.

அந்த வயதைத் தேடிப்போனது 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனில் நடந்தது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவது. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் லட்டு போல உருட்டிய சத்துணவு, குறைந்தது 90 நாள். எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். ஒரு ஏழை மாநிலத்தில் எல்லாருக்கும் கொடுக்காமல் தேவைப்பட்டவருக்கு மட்டும் கொடுப்பது சரியா என்று அன்று பெரிய விவாதம் நடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு லட்டு, என் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று கேட்கிற தாய்க்கு, உங்க பிள்ளை நல்லாருக்கு அதனாலதான் என்று சொல்லிப் பாருங்கள்!

பாப்பாவின் எடை அட்டைக்கும் தனி வரலாறு உண்டு. நைஜீரியாவின் ஒரு கிராமத்தில் 1950களின் இறுதியில் டேவிட் மார்லி என்ற மருத்துவர் தாய்மாரிடமே கொடுத்துவைத்த அட்டைதான் அதன் தாத்தா. படிக்கத் தெரியாத தாயும் கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் அந்தக் கோடு அமெரிக்கக் குழந்தைகளின் எடையை வைத்துப் போட்டது. 2006இல் உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து புதிய கோடு போட்டது. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியின் வசதியான வீடுகளைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பால் குடித்து, நல்ல தண்ணீரும் மருத்துவமும் கிடைத்தால் எந்த நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளரும் என்பது அவர்கள் கண்டது. பாப்பா மஞ்சளில் விழுந்தாள் என்றால் தெற்கு டெல்லி வீட்டில் இருக்கும் ஏதோ ஒன்று எங்கள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். பால்வாடியில் எல்லாரும் அதை 'அம்மா சரியாக ஊட்டவில்லை' என்று படிக்கிறோம். நானும் அப்படித்தான் படித்தேன்.

இல்லாதது சோறு மட்டும்தானா? இந்த மலையிலிருந்து பார்த்தால் கீழே இருக்கும் வேலூரில், 2009க்குப் பின் சில வருடங்கள் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழு ஒரு ஆய்வு நடத்தியது. ககன்தீப் காங் தலைமை. தாக்கா முதல் பெரு வரை எட்டு இடங்களில் ஒரே சமயத்தில் நடந்தது. பிறந்ததிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து, என்ன சாப்பிட்டார்கள், குடலில் என்ன கிருமி இருந்தது என்று பார்த்தார்கள். வயிற்றுப்போக்கே இல்லாத நாட்களிலும் குழந்தைகளின் மலத்தில் கிருமிகள் இருந்தன. கிருமிச் சுமை கூடிய குழந்தைகள் குறைவாக வளர்ந்தார்கள். மலைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் பாப்பாவுக்கு மூன்று தடவை வயிறு போனது. பைப்புத் தண்ணீரை அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தேன். கேரட்டைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்தவள், தண்ணீரைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

*

சாமை எங்கே போனது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஏனென்றால் அது போகவே இல்லை. இன்றும் இந்த மலையின் முக்கியப் பயிர் சாமைதான். திருவண்ணாமலை அத்தியந்தலில் சிறுதானியத்துக்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு. போன தீபாவளிக்கு ஆரணி போயிருந்தபோது ஒரு பல்பொருள் கடையில் 'ஜவ்வாது மலை சாமை' என்று அச்சிட்ட பாக்கெட்டைப் பார்த்தேன். பாப்பாவுக்கு ஊட்டியது அதுதான். மலையிலிருந்து இறங்கி, உமி நீங்கி, பாக்கெட்டாகி, மறுபடி மலை ஏறி வந்த சாமை.

அது கீழே இறங்கியதற்கு எல்லாரும் ரேஷன் அரிசியைக் காரணம் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். அதுவும் உண்மை. ஆனால் ஆயாவிடம் கேட்டபோது அவர் முதலில் காட்டியது தன் இடுப்பை. சாமையின் உமி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கல் பார்த்து, அப்புறம்தான் உலை. விடியற்காலை எழுந்து அதைச் செய்துவிட்டுக் காட்டுக்குப் போக வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தாலும் அதேதான். "ரேசன் அரிசி வந்தப்ப எங்களுக்கு விடுதல வந்த மாதிரி" என்றார். சிறுதானியத்தை மறந்துவிட்டோம் என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் ஒரு படி சாமையைக் குத்திப் பார்க்கலாம். இந்த மலையில் சாமையை முதலில் வேண்டாம் என்று சொன்னது குழந்தைகள் இல்லை, அவர்களுடைய அம்மாக்கள். சொன்னதும் நியாயம்தான். இப்போது அரவை இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைக்கு நாக்கு மாறிவிட்டது, சாமைக்கு நல்ல விலையும் வந்துவிட்டது. விற்றுவிட்டு ரேஷன் அரிசி பொங்குவதுதான் கணக்குக்குச் சரி.

சாமை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. ஒரு தானியத்துக்கு இன்னொரு தானியம். கூடவே அதன் ஊடுபயிர்களும் போயின. மொச்சை, துவரை, காட்டுக்கீரை. அந்த இடத்தை ஐந்து ரூபாய் பாக்கெட் பிடித்தது.

*

கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1926இல் அமெரிக்காவின் க்ளீவ்லேண்டில் தொடங்கி, பிறகு சிகாகோவில், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். ஆதரவற்ற பிள்ளைகள், விதவைகளின், இளம் தாய்மாரின் பிள்ளைகள். இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள். 34 வகை உணவு, சமைத்ததோ பச்சையோ, எதிலும் உப்போ சர்க்கரையோ சேர்க்காமல், தனித்தனிக் கிண்ணத்தில். செவிலி கையில் கரண்டியோடு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை கை நீட்டிய கிண்ணத்திலிருந்து மட்டும் ஊட்டலாம். 'இதச் சாப்பிடு கண்ணு' என்றும் சொல்லக் கூடாது, தின்றதைப் பாராட்டவும் கூடாது. நம் ஊரில் ஒரு பாட்டியை அப்படி உட்கார வைக்க முடியுமா என்று நினைத்துச் சிரித்தேன்.

குழந்தைகள் தாறுமாறாகத் தின்றன. ஒரு வாரம் முட்டை முட்டையாக, ஒரு வாரம் பழமாக. ஒன்று தின்றதைப் போல இன்னொன்று தின்னவில்லை. எல்லாம் நன்றாக வளர்ந்தன. எலும்புநோயோடு வந்த ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் மீன் எண்ணெய் வைத்தார்கள். நோய் குணமாகும்வரை அது தானாகவே அதைக் குடித்தது.

இந்தக் கதையைக் 'குழந்தையின் உடம்புக்கு எல்லாம் தெரியும், விட்டுவிடு' என்று பலர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. 1939இல் தன் முடிவுகளைச் சொன்னபோது, வித்தை பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே ஒத்துக்கொண்டார். அந்த 34இல் ஈரல் இருந்தது, எலும்பு மஜ்ஜை இருந்தது, கீரை, பீட்ரூட், பால், முழுத்தானியம் இருந்தது. சர்க்கரை இல்லை, மைதா இல்லை, டப்பா இல்லை. எதைத் தொட்டாலும் தப்பாகப் போக முடியாத மேசை. குழந்தை தேர்ந்தெடுத்தது உண்மை. அதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டு மேசையில் தயிர், வெள்ளைச் சோறு, பிஸ்கட். ஆயா வீட்டுத் திண்ணையில் ரேஷன் சோறு, பாக்கெட். இரண்டு குழந்தைகளும் இருக்கிற பட்டியலில் ருசியானதைச் சரியாகத்தான் பொறுக்கின. ஒரு பட்டியலைப் போட்டதில் குன்னூர் எலிக்கு நோய் கொடுத்த அதே தீட்டிய அரிசிக்கும், என் சம்பளத்துக்கும், நேரமின்மைக்கும் பங்கு. இன்னொன்றைப் போட்டதில் உலக்கைக்கும், ரேஷன் கடைக்கும், சந்தை விலைக்கும் பங்கு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஆறு முதல் 23 மாதம் வரையிலான இந்தியக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது நூற்றுக்குப் பதினொரு பேருக்குத்தான். நூற்றில் 89 குழந்தைகளும் அடம் பிடித்தவர்களாக இருக்க முடியாது.

*

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்கட் வாங்குவதை நிறுத்திவிட்டோம். மூன்று நாள் வீடு இரண்டானது. தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கிறோம். தட்டில் நாலைந்து வகையை வைத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் சாப்பாட்டைச் சாப்பிடுகிறேன். அவள் தொடாவிட்டால் எடுத்துவிடுகிறேன். இப்படி எடுக்கிற அந்த நிமிஷம் இருக்கிறதே, கை நடுங்கும்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது பாப்பா ஆயா வீட்டுத் திண்ணையில் இருந்தாள். ஆயா முறத்தில் அவித்த மொச்சையைக் கொட்டித் தோல் உரித்துக்கொண்டிருந்தார். பாப்பா ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கசக்கி, பாதியை வாயிலும் பாதியைப் பாவாடையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். மறுநாள் அதே மொச்சையை வாங்கி வீட்டில் அவித்து வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆயாவின் பேரன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, குக்கரில் வைத்த சாமை உப்புமாவை, கேரட்டோடு, ஒரு கிண்ணம் தின்றுவிட்டு இன்னும் கேட்டான். ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எங்க வூட்டுச் சாமய உங்க வூட்ல வந்து துன்றானா களவாணி" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகளை மாற்றிக்கொள்கிறோம். இந்த மாதம் எடை 8.9. இன்னும் மஞ்சள்தான். டீச்சர் புள்ளி வைத்துவிட்டு, "ஏறுதுங்க" என்றார்.